ஜீப்புக்குத் தும்பிக்கை: குறைந்த செலவில் ஸ்னார்க்கல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று நிற்கிறது, 2523 சிசி டிஐ டீசல் இன்ஜின். அதன் பக்கவாட்டில் மேலே ஏறி நிற்கும் கறுப்புக் குழாயைப் பார்த்துவிட்டு டீக்கடையிலும், ரைஸ்மில் வாசலிலும், உரக்கடையிலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. சின்னப் பிள்ளைகள் அதைத் தும்பிக்கை என்கிறார்கள். அதைவிடச் சரியான பெயர் எனக்கும் கிடைக்கவில்லை. ஆற்றில் நீந்தும் யானை உடம்பை முழுக்கிவிட்டுத் தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொள்ளும். இன்ஜின் உயரத்திலிருந்து காற்று இழுப்பதற்காக வைத்த இந்த ஸ்னார்க்கல் குழாய்க்கும் அதே வேலைதான்.

இதை ஏன் மாட்ட வேண்டும்? சைலன்சரில் தண்ணீர் போகாமல் இருக்கவா?

இல்லை. சைலன்சர் மூச்சு விடும் பக்கம், இது மூச்சு இழுக்கும் பக்கம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகை தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆபத்து இழுக்கிற பக்கத்தில்தான்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 2523 சிசியில் நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 630 சிசி. கம்ப்ரஷன், அதாவது காற்றை அமுக்கும் விகிதம், 18-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 37 மில்லி. அதற்குமேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனுக்கு ஏற இடமில்லை. ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் கனச்சக்கரமான ஃப்ளைவீல் அதை விடாமல் தள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு, பிஸ்டனைத் தாங்கும் தண்டு, வளையும். பெட்ரோல் இன்ஜினில் மிச்ச இடம் கொஞ்சம் தாராளம். டீசலுக்கு மன்னிப்பே கிடையாது.

நம் பக்கம் மலையும் இல்லை காடும் இல்லை. டெல்டாவில் இது வேண்டுமா?

மலையில் பெய்த தண்ணீர் இறங்கி ஓடிவிடும். நம் ஊரில் அது நிற்கும், அதுதான் வித்தியாசம். 2022 நவம்பர் 11-ல் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. வடிகால் வாய்க்காலே தளும்பி நிற்கும்போது ரோட்டுத் தண்ணீர் எங்கே போகும்? ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலும் ரோடும் ஒரே மட்டமாகத் தெரியும் நாட்கள் வருஷத்துக்குச் சில உண்டு. அந்த நாட்களில்தான் பிரசவ வலிக்கும் பாம்புக் கடிக்கும் வண்டி கேட்டு ஆள் வருகிறது.

இன்னொரு விஷயம், ஆழமே வேண்டாம். முழங்கால் தண்ணீரில் நீங்கள் நிதானமாகப் போகும்போது எதிரே ஒரு பஸ் வந்தால் போதும். அது கிளப்பும் அலை பானெட் மேல் ஏறும். பல வண்டிகள் குடித்தது அந்த அலையைத்தான்.

மூன்றாவது காரணத்தை யாரும் நினைப்பதில்லை. தை, மாசி அறுவடையில் கதிர் அறுக்கும் மெஷின் பின்னால் போய்ப் பாருங்கள், தூசியும் சுணையும் ஆள் உயரத்துக்குப் பறக்கும். உயரத்திலிருந்து இழுக்கும் காற்றில் அது குறைவு. தும்பிக்கை வைத்த பிறகு என் ஏர் ஃபில்டர் முன்னைவிடத் தாமதமாகத்தான் கறுக்கிறது. வருஷத்தில் நாலு நாள் தண்ணீருக்கு என்றால், நாற்பது நாள் தூசிக்கு.

இதை மாட்டிவிட்டால் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம்?

மாட்டுவதற்கு முன் எவ்வளவோ அவ்வளவுதான். 2020-ல் வந்த மஹிந்திரா தார் ஜீப்புக்கே கம்பெனி சொல்லும் அளவு 650 மி.மீ. தும்பிக்கை வாயை மட்டும்தான் உயர்த்துகிறது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஃபியூஸ் பாக்ஸ், கியர்பாக்ஸ், அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ரேடியேட்டர் விசிறி தண்ணீரை வெட்டினால் அதன் இறக்கை வளைந்து ரேடியேட்டரையே கிழிக்கும். என் எல்லை டயரின் நடுவுக்கு ஒரு ஜாண் மேல். அதற்குமேல் என்றால் திரும்பி வந்துவிடுவேன்.

எந்த சைஸ் பைப்?

காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று கொல்லையில் கிடக்கும் 50 மி.மீ. பைப்பை எடுத்து மாட்டுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கணக்கு லேசானது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கும். 3000 ஆர்பிஎம்மில் 2523 சிசி என்றால் நிமிடத்துக்கு 3780 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்பதற்குக் கொஞ்சம் கழித்தால் 3200. அதாவது வினாடிக்கு 53 லிட்டர் காற்று.

பைப்பின் சுவருக்கு 2 மி.மீ. கழித்துப் பார்த்தால், அந்தக் காற்று 50 மி.மீ. பைப்பில் மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அடித்த காற்றின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட அது. 63 மி.மீ. என்றால் 70 கி.மீ., 75 மி.மீ. என்றால் 50-க்குக் கொஞ்சம் கீழே, 90 மி.மீ. என்றால் 33. குழாய் குறுகக் குறுக இன்ஜின் திணறும், கறும்புகை தள்ளும், டீசலும் அதிகம் குடிக்கும். நான் போட்டது 75. டர்போ வண்டி இன்னும் அதிகம் இழுக்கும், அதற்கு 90-ஐப் பாருங்கள்.

மறக்காமல் ஒன்று: பம்புசெட் பைப்புக்குச் சொல்லும் மி.மீ. வெளி விட்டம். தடித்த பைப் வாங்கினால் உள்ளே இடம் குறையும். கம்பெனி ஏர் கிளீனர் வாயின் உள் விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எந்த இடத்திலும் அதைவிடக் குறுகக்கூடாது, ரிடியூசர் உட்பட. 90 டிகிரி எல்போ ஒன்று வைப்பதற்குப் பதில் 45 டிகிரி இரண்டு வைத்தால் காற்று சிரமமில்லாமல் திரும்பும்.

பிவிசி போதுமா? இரும்பு வேண்டாமா?

வெளியே நிற்கும் பகுதிக்கு பிவிசி தாராளமாகப் போதும். நம் பக்கம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும், உடைந்தால் அரை மணியில் மாற்றலாம். அதன் எதிரி வெயில். இரண்டு கோடை தாண்டினால் வெளுத்து நொறுங்க ஆரம்பிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் கூடுதலாக நாள் நிற்கும்.

பானெட்டுக்குள் பிவிசி கூடாது. 60, 70 டிகிரி சூட்டிலேயே அது தளர்ந்து உருமாறும். உள்ளே ரப்பர் ஹோஸ்தான். அதுவும் சும்மா ரப்பர் இல்லை, உள்ளே கம்பியோ துணியோ வைத்தது. இல்லாவிட்டால் இழுக்கும் வேகத்தில் சப்பிப்போய் மூச்சடைக்கும். டீசல் இன்ஜின் பம்புக்குப் போடும் பச்சை சக்‌ஷன் ஹோஸ் சப்பாது, ஆனால் சூட்டில் இளகும். நான் ஒரு தடவை போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டேன். லாரி ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் டர்போ ஹோஸ்தான் சரிப்பட்டது.

இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்கும் ஒரு துண்டு இருந்தே ஆக வேண்டும். முழுக்கக் கெட்டிக் குழாயாக ஒட்டிவிட்டால் முதல் கப்பி ரோட்டிலேயே எங்காவது விரிசல் விடும், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

காசு கொஞ்சம் இருந்தால் சைலன்சர் வளைக்கும் பட்டறையில் மூன்று இஞ்ச் ஸ்டெயின்லெஸ் குழாயைக் கொடுத்து வளைத்து வாங்கலாம். அழகாக இருக்கும். அழகுக்காகச் செய்வதில்லை என்பது என் கட்சி.

மேலே தலைக்கு எதை மாட்டுவது?

உங்கள் வீட்டு டிராக்டரைப் பாருங்கள். அதன் பானெட்டுக்கு மேல் குடைபோல நிற்கிறதே, ப்ரீ கிளீனர், அதுதான். காற்றை உள்ளே சுழற்றி, கனமான தூசியை ஓரத்துக்கு வீசி, வடிகட்டிய காற்றைக் கீழே அனுப்பும். மழைத்துளியையும் அப்படியே பிரித்துவிடும். பழைய தலையைக் காயலான் கடையில் தேடிப் பிடிக்கலாம், வாயின் அளவு மட்டும் பொருந்த வேண்டும். தும்பிக்கை என்ற யோசனை டிராக்டருக்குப் பழசு. ஜீப்காரர்கள்தான் இப்போது கண்டுபிடித்ததுபோல் பேசுகிறோம்.

அது கிடைக்காவிட்டால் இரண்டு எல்போவைக் கவிழ்த்து குடைக்கம்புக் கைப்பிடிபோல் வைத்து, வாயில் கொசுவலை கட்டினாலும் வேலை நடக்கும். வலைக்கண்ணில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மட்கார்டில் ஓட்டை போட மனசு வரவில்லையே?

எனக்கும் வரவில்லை. இரண்டு நாள் அட்டையை வெட்டி வைத்து அளவு பார்த்துக்கொண்டே இருந்தேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உட்பக்கம் வயரோ குழாயோ போகிறதா என்று கைவிட்டுத் தடவி, முதலில் சின்ன டிரில், பிறகு வட்டமாக அறுக்கும் ஹோல்-சா. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து ரெட்-ஆக்ஸைடு அடியுங்கள். அடிக்காவிட்டால் இந்த ஈரக் காற்றில் ஒரே மழையில் துரு கிளம்பும். ரப்பர் பீடிங் சுற்றியபிறகுதான் பைப்பை நுழைக்க வேண்டும். மேலே விண்ட்ஷீல்டு ஃபிரேமில் ஒரு கிளாம்ப். சீமைக்கருவேல முள்ளும் தென்னை மட்டையும் இடிக்கும் ஊர் இது, கிளாம்ப் இல்லாமல் நிற்காது.

எல்லாம் ஒட்டியாச்சு. அப்படியும் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

என் கதையைச் சொல்கிறேன். முதல் தடவை மாட்டிய மழைக்காலம். ஒரு வடிகால் பாலத்தை ஒட்டித் தண்ணீர் நின்றது, இறங்கினேன். தும்பிக்கை ஆள் உயரத்தில் நிற்கிறதே என்ற தைரியம். பாதியில் இன்ஜின் இரண்டு இருமல் இருமி நின்றது. நின்றதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அவசரத்தில் சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு ராடு வளைந்துபோயிருந்தது, குறுவையில் மிஞ்சியதெல்லாம் இன்ஜினுக்குள் போயிற்று.

குழாயிலும் இணைப்பிலும் குறை இல்லை. ஏர் ஃபில்டர் டப்பாவின் அடியில் கட்டைவிரல் அளவு ஒரு ரப்பர் வாய் இருக்கும், வாத்து அலகுபோல. உள்ளே சேரும் தூசியும் ஈரமும் தானாக வெளியேற வைத்தது. நான் அதை அடைக்கவில்லை. மேலே ஆறடியில் வாய் வைத்துவிட்டுக் கீழே இரண்டடியில் ஓட்டையை விட்டு வைத்த புத்திசாலி நான்.

ஆகவே வரிசையாகப் பாருங்கள்: அந்த ரப்பர் வாய், டப்பா மூடியின் கேஸ்கெட், டப்பாவில் கம்பெனியே விட்ட வடிகால் ஓட்டைகள், பழைய காற்று வாய், ஹோஸின் இரண்டு முனைகள். ரப்பர் வாயை அடைத்தபின் டப்பாவை அவ்வப்போது திறந்து துடைக்க வேண்டும். இனி ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. பிவிசி இணைப்புக்குப் பேஸ்ட் போட்டு ஒரு நாள் முழுக்க ஆற விடுங்கள். ஹோஸ் முனைக்கு ஸ்குரூ வைத்த கிளிப். எம்-சீல் அவசரத்துக்கு நல்லது, ஆனால் ஆடும் இடத்தில் வெடிக்கும்.

ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள குழாயைத் தொடவே வேண்டாம். அங்கே ஒரு பிவிசித் துகள் விழுந்தாலும் நேராக சிலிண்டருக்குப் போகும்.

கசிகிறதா என்று தண்ணீரில் இறங்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

ஊதுபத்தி. காற்றில்லாத இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏற்றிய பத்தியை ஒவ்வொரு இணைப்பின் ஓரமாகவும் மெல்லக் கொண்டு போங்கள். விசிறிக் காற்று குழப்பும். ஒரு அட்டையை மறைப்பாக வையுங்கள். புகை எங்கே உள்ளே வளைந்து போகிறதோ அங்கே ஓட்டை.

அடுத்தது மூச்சடைப்பு. ஐடிலில் மட்டும், தும்பிக்கை வாயை ஒரு தட்டைப் பலகையால் மூடுங்கள். கையை வைக்காதீர்கள், இழுப்பு நீங்கள் நினைப்பதைவிடப் பலம். சரியாக அடைத்திருந்தால் இன்ஜின் சில வினாடியில் திணறி நிற்கும். அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தால் வேறெங்கிருந்தோ மூச்சு இழுக்கிறது என்று அர்த்தம்.

பழைய ஆயில் ஏர் கிளீனர் வைத்த வண்டிக்கும் இந்தச் சோதனை சரியா?

மூச்சடைப்பு வேண்டாம், பத்தி மட்டும் போதும். இழுப்பு அதிகமானால் கிண்ணத்து ஆயிலையே இன்ஜின் உறிஞ்சலாம். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. குறுகலான பைப் போடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தும்பிக்கையைத் தவிர வேறென்ன செய்ய வேண்டும்?

ப்ரீத்தர். தும்பிக்கையைவிட முதலில் செய்ய வேண்டியதே இது என்பேன், செலவும் சொற்பம். முன், பின் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன மூச்சு வால்வு உண்டு. இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடான அச்சைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். வால்வு தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே இழுக்கும். அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக இழுக்கும். வால்வைக் கழற்றி, டீசல் ஹோஸ் மாட்டி, பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் டிஃபரன்ஷியல் போல்ட்டைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உடனே மாற்றுங்கள்.

மாருதி ஜிப்ஸி மாதிரி பெட்ரோல் ஜீப்புக்குப் போடலாமா?

போடலாம். ஆனால் பெட்ரோல் வண்டியைத் தண்ணீர் வேறு வழியில் நிறுத்தும்: ஸ்பார்க் பிளக் வயரும் டிஸ்ட்ரிபியூட்டரும் நனைந்தால் போதும். முதலில் அதைக் காப்பாற்றுங்கள்.

சென்சார் வைத்த புது டீசல் வண்டிக்கு?

இந்தக் கொல்லைப்புற வேலை வேண்டாம். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் காற்றை அளக்கும் சென்சார் இருக்கும், கசிவும் தூசியும் அதைக் கெடுக்கும், வாரன்டியும் போகும். அந்த மாடலுக்கென்று அச்சில் வார்த்து வருவதை வாங்குங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

என் நோட்டில் இருப்பது மூவாயிரத்துக்கு உள்ளே. பைப்பும் பெண்டுகளும் அதில் பாதிகூட இல்லை. அதிகம் தின்றது டர்போ ஹோஸும் நல்ல கிளிப்புகளும்தான். டிராக்டர் தலை பழசு. கூலி இல்லை, மச்சான் வந்து பிடித்துக்கொண்டார். அன்றைய கறிச்சோற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. வளைந்த ராடுக்குக் கொடுத்ததையும் சேர்க்கவில்லை.

ஆர்டிஓ பிடிப்பாரா?

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அந்த ஆண்டு வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று இருக்கிறது. ஓட்டையைப் போடுவதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் குடித்த இன்ஜினுக்கு சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது, தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது. தும்பிக்கை இருக்கிறதே, போகலாமா?

கூடாது. நிற்கும் தண்ணீர் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. மூன்று மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலமுள்ள மூடிய பாடியைத் தண்ணீர் ஒவ்வொரு 10 செ.மீ. உயரும்போதும் சுமார் 400 கிலோ தூக்கும். தரைப்பலகைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர் வந்தால் ஒன்றரை டன் வண்டி மிதக்கிறது. மிதக்கிற வண்டிக்கு நாலு வீல் டிரைவ் இருந்து என்ன பயன்? கதவில்லாத பழைய ஜீப்புக்குள் தண்ணீர் புகுந்துவிடுவதால் அது கொஞ்சம் தரையில் நிற்கும், அதை நம்பியும் இறங்காதீர்கள். கொள்ளிடத்தில் திறந்துவிட்ட தண்ணீருக்கு எந்தத் தும்பிக்கையும் காணாது. யானையே கரையில் நின்றுவிடும்.

நிற்கும் தண்ணீரில் எப்படி ஓட்டுவது?

முதலில் இறங்கி நடங்கள், கையில் ஒரு கம்போடு. டெல்டாவில் ஆழம் ஆளைக் கொல்வது குறைவு. ரோடு எங்கே முடிந்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாததுதான் கொல்கிறது. எங்கள் ஊரில் மழை தொடங்கும் முன்பே ரோட்டின் இரு ஓரமும் மூங்கில் குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறோம். தும்பிக்கையைவிட அதிக வண்டிகளைக் காப்பாற்றியது அந்தத் துணிதான்.

லோ கியரில் முதல் அல்லது இரண்டாவது, நடக்கும் வேகம், நடுவில் கியர் மாற்றமோ கிளட்ச் மிதிப்போ இல்லை. பம்பருக்கு முன் ஒரு சின்ன அலை ஓடும், அதன் பின்னாலேயே போங்கள். எதிரே பஸ் வந்தால் அது கடக்கட்டும், நீங்கள் மேட்டில் காத்திருங்கள். கரையேறியதும் பிரேக்கை நாலைந்து முறை மிதித்துக் காய வையுங்கள்.

நடுவில் நின்றுவிட்டால்?

சாவியைத் தொடாதீர்கள். கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டு வாருங்கள், கியர் நியூட்ரலில். ஃபில்டர் நனைந்திருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். அதன் பிறகுதான் செல்ஃப். கூடியிருக்கும் கூட்டம் ‘ஒரு தடவை அடிச்சுப் பாருங்க’ என்று கட்டாயம் சொல்லும்.

வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் உப்புத் தண்ணீர். அங்கே?

தும்பிக்கைக்கு ஒன்றும் ஆகாது, மற்ற எல்லாவற்றுக்கும் ஆகும். அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கிளிப்புகள் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும்.

எங்கள் வண்டிக்கும் ஒன்று செய்து தருவீர்களா?

செய்து தரமாட்டேன், ஓட்டை உங்கள் கையால்தான் விழ வேண்டும். ஒட்டி முடித்து ஒரு நாள் ஆறிய பிறகு சொல்லி அனுப்புங்கள். ஊதுபத்தியோடு வருகிறேன், அந்த வாத்து அலகை அடைத்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.